சோலார் டிராக்கர்: அட்வான்ஸ் கொடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

மதுரை ஏறத்தாழ 9.9 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் நண்பகல் வெயில் நேர் உச்சியில் அடிக்கும். டிசம்பரில் சூரியன் தெற்கே 33 டிகிரி சாயும், ஜூனில் வடக்கே 13 டிகிரி போகும். வடக்கு-தெற்கு ஆட்டம் இவ்வளவுதான். கிழக்கு-மேற்குப் பயணமோ தினமும் முழு வானம். அதனால் நம் பக்கம் டிராக்கர், அதாவது வெயிலின் போக்குக்கேற்பப் பேனலைத் திருப்பும் சட்டம், போடுவதென்றால், வடக்கு-தெற்காகப் படுத்திருக்கும் ஒற்றை அச்சில் கிழக்கும் மேற்குமாகத் திரும்பும் வகையே போதும். தெற்கே 10 டிகிரி சாய்த்து நிலையாகப் பொருத்திய பேனலைவிட ஆண்டுக்கு ஏறத்தாழ 15 முதல் 20 சதவீதம் கூடுதல் மின்சாரம் கிடைக்கும். இரட்டை அச்சு அதற்கு மேல் தருவது சில சதவீதம்தான். அதற்காக உயரத் தூணில் பெரிய பலகையை நிறுத்தினால் ஆடிக்காற்றில் அது பாய்மரம்தான்.

இப்போது காசுக் கணக்கு. 10 கிலோவாட் நிலையான அமைப்பு நாளுக்குச் சுமார் 40 யூனிட் தரும். டிராக்கர் அதில் 6 யூனிட் கூட்டும். அதே 6 யூனிட்டை 540 வாட் பேனல் மூன்று சேர்த்தாலும் எடுத்துவிடலாம். இரண்டுக்கும் தனித்தனியாக விலை கேளுங்கள். மொட்டை மாடியில் பெரும்பாலும் பேனல்தான் மலிவாக முடியும், ஆடும் பாகமும் கிடையாது. ஒரு எச்சரிக்கை: ஒன்றன்பின் ஒன்றாக இணைத்த ஒரே வரிசையில் பேனல் சேர்க்கும்போது மொத்த ஓப்பன் சர்க்யூட் வோல்டேஜ் (மின்சாரம் ஓடாத நிலையில் பேனல்கள் காட்டும் வோல்டேஜ்) இன்வெர்ட்டரின் உச்ச வரம்புக்குள் இருக்க வேண்டும். மார்கழிக் காலைக் குளிரில் அது இன்னும் ஏறும்.

கிணற்று மோட்டாருக்குக் கணக்கு வேறு. 5 எச்பி பம்புக்குச் சுமார் 4,800 வாட் பேனல் இருக்கும். நிலையான பேனலில் நண்பகல் தண்ணீர் கொட்டும். காலை எட்டு மணிக்கும் மாலை நான்கு மணிக்கும் சொட்டுநீர்க் குழாயில் அழுத்தம் நிற்காது. டிராக்கர் அந்த இரு ஓரங்களையும் நிரப்புகிறது. எங்கள் பார்வையில் அது காசுக்குத் தகுந்த வேலை செய்யும் இடம் இதுதான். ஆள் தோட்டத்திலேயே இருந்தால் கையால் திருப்பும் சட்டமே போதும்: காலை கிழக்கு, நடுப்பகல் மட்டம், மூன்று மணிக்கு மேற்கு. மாலையில் மறுபடி மட்டத்துக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். மேற்கே பார்த்தபடி மறந்துவிட்டால் மறுநாள் காலை முழுதும் வீண், நிலையான பேனலைவிட மோசம்.

இந்தக் கூடுதல் மின்சாரம் முழுக்கக் காலை, மாலை வெயிலில்தான் வருகிறது. சோழவந்தான் பக்கம் தென்னந்தோப்புக்கு நடுவே வயல் இருந்தாலோ, நாகமலையின் கிழக்கு அடிவாரத்தில் மாலை வெயில் சீக்கிரம் மறைந்தாலோ டிராக்கருக்கு வேலையே இல்லை. ஐப்பசி, கார்த்திகை மேகமூட்டத்திலும் பலன் குறையும்.

மண்ணைப் பார்க்காமல் தூண் ஊன்றவே கூடாது. திருமங்கலம், கள்ளிக்குடி கரிசல் மழையில் உப்பும், கோடையில் வெடிக்கும். ஒரு தூண் கொஞ்சம் நகர்ந்தாலும் நீள அச்சு நேர்கோட்டை விட்டு விலகி, பேரிங் இறுகி, மோட்டார் ஓவர்லோடில் நிற்கும். வெடிப்பு ஆழத்துக்குக் கீழே அடித்தளம் இறங்க வேண்டும்.

காற்றுக்கு ஐஎஸ் 875 (கட்டமைப்புகள் தாங்க வேண்டிய சுமைகளுக்கான இந்தியத் தரநிலை) மூன்றாம் பகுதி மதுரைக்குக் கொடுக்கும் அடிப்படை வேகம் விநாடிக்கு 39 மீட்டர், அதாவது மணிக்கு 140 கிலோமீட்டர். அதற்கான வடிவமைப்புக் கணக்கை எழுத்தில் வாங்குங்கள்.

கன்ட்ரோலர் தேதி, நேரம், இருப்பிடத்தை வைத்துச் சூரியன் நிலையைக் கணக்கிடுவதாக இருக்கட்டும். ஒளி சென்சாரை நம்பும் வகை, புழுதியும் பறவை எச்சமும் படிந்தால் திசை தப்பும்; மேகம் ஓடும் நாளில் அங்குமிங்கும் அலைந்து மோட்டாரைத் தேய்க்கும். கடிகார பேட்டரி தீர்ந்தால் கணக்கிடும் வகையும் தப்பும் என்பதால், ஆண்டுக்கொரு முறை அதை மாற்றச் சொல்லுங்கள். திரும்பும் இடத்தில் கேபிளுக்குத் தளர்வான வளையம் விட்டிருக்கிறார்களா என்றும் பாருங்கள். இழுபட்ட கேபிள்தான் முதலில் உரியும்.

ஒப்படைக்கும் நாளில், பேனல் முழுச் சாய்வில் இருக்கும்போது மின்சாரத்தை நிறுத்தச் சொல்லுங்கள். பலத்த காற்றில் டிராக்கர் பேனலை மட்டமாக்கிக்கொள்ள வேண்டும்; அதனால் காற்றின் வேகத்தை அளக்கும் காற்றுமானியைக் கையால் வேகமாகச் சுற்றினால் பேக்கப் பேட்டரியிலேயே பேனல் தானாக மட்டத்துக்கு வர வேண்டும். வரவில்லையென்றால் கடைசித் தவணையைக் கொடுக்காதீர்கள்.