பி-1-எல்: பார்க்காத ஆட்டத்துக்கு நேரடி வர்ணனை

1930-களின் நடுப்பகுதி. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், டி மாயின் நகரத்து டபிள்யூ.எச்.ஓ. வானொலி நிலையம். நடுவில் ஒரு கண்ணாடித் தடுப்பு. இந்தப் பக்கம் மைக் முன்னால் ஓர் இளைஞர். அந்தப் பக்கம் காதில் ஹெட்போன் மாட்டிய தந்தி ஆபரேட்டர். காதில் விழும் 'டக் டக்' சத்தத்தை அவர் டைப் அடித்து, தடுப்பின் இடுக்கு வழியாக ஒரு சீட்டைத் தள்ளுகிறார். சீட்டில் இருப்பது இவ்வளவுதான்: பி1எல்.

'பால் ஒன்று, தாழ்வாகப் போனது' என்று அர்த்தம். பேஸ்பாலில் அடிக்கத் தோதான எல்லைக்கு வெளியே எறியப்பட்டு, மட்டைக்காரர் தொடாமல் விட்ட பந்துக்குப் பெயர் 'பால்'. இளைஞர் சீட்டைப் பார்த்துவிட்டுப் பேச ஆரம்பிக்கிறார். பிட்சர், அதாவது பந்து எறிபவர், தொப்பியைச் சரிசெய்கிறார், மட்டைக்காரருக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் கேட்சரின் சைகையைப் பார்க்கிறார், தலையாட்டுகிறார், கையைச் சுழற்றி எறிகிறார், பந்து முழங்காலுக்குக் கீழே இறங்கிப் போகிறது. தொப்பி, சைகை, தலையாட்டல் எதுவும் சீட்டில் இல்லை. ஆட்டம் நடப்பது சுமார் 500 கிலோமீட்டர் தள்ளி, சிகாகோவில். வர்ணிப்பவர் மைதானத்தைப் பார்க்கவே இல்லை. அந்த இளைஞர் ரொனால்ட் ரீகன். 1981-இல் அமெரிக்க ஜனாதிபதி ஆனாரே, அவரேதான்.

பேஸ்பால் முதன்முதலில் வானொலியில் ஒலித்தது 1921 ஆகஸ்ட் 5 அன்று. பிட்ஸ்பர்க் நகரத்து கே.டி.கே.ஏ. நிலையத்துக்காக ஹரோல்ட் ஆர்லின் மைதானத்திலேயே உட்கார்ந்து வர்ணித்தார். உள்ளூர் ஆட்டம் என்றால் அது முடியும். அணி வெளியூர் போனால்தான் சிக்கல். ஆளை அனுப்ப வேண்டும், ரயில் டிக்கெட் போட வேண்டும், ஹோட்டல் பில் கட்ட வேண்டும். அதைவிடப் பெரிய செலவு, குரலைக் கொண்டுவரும் நெடுந்தூரத் தொலைபேசிக் கம்பியின் வாடகை. தந்திக் கம்பி அதோடு ஒப்பிட்டால் மலிவு. வெஸ்டர்ன் யூனியன் நிறுவனம் மைதானத்தில் ஓர் ஆபரேட்டரை உட்காரவைத்து, ஒவ்வொரு பந்தையும் மோர்ஸ் குறியீட்டில் அனுப்பும் சேவையையே விற்றது.

தந்தி ஏன் மலிவு? குரல் என்பது நொடிக்குச் சில ஆயிரம் அதிர்வுகள். அது சிதையாமல் வந்து சேர நல்ல கம்பி வேண்டும், வழியில் பெருக்கிகள் வேண்டும். மோர்ஸுக்குத் தேவை உண்டு, இல்லை என்ற இரண்டு நிலைகள் மட்டும். நிமிடத்துக்கு 25 சொல் அனுப்பும் ஆபரேட்டர், சொல்லுக்கு ஐந்து எழுத்து என்று வைத்தால், நொடிக்கு இரண்டு எழுத்து அனுப்புகிறார். பி1எல் போய்ச் சேர ஒன்றரை நொடி. அடுத்த பந்து வர எப்படியும் இருபது நொடி ஆகும். அதுவரை தந்தி சும்மா கிடக்க, இங்கே வர்ணனையாளர் தொப்பியைச் சரிசெய்துகொண்டிருப்பார்.

இந்த ஏற்பாடு கால்பந்தில் நடக்காது, கூடைப்பந்தில் நடக்கவே நடக்காது. பேஸ்பாலில் நடந்ததற்குக் காரணம், அந்த ஆட்டம் தொடர்ந்து ஓடுவதில்லை, படிப்படியாக நகர்கிறது. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மைதானத்தில் மூன்று பேஸ்கள், ஓட்டக்காரர் ஓடிப்போய் நிற்கும் இடங்கள். ஒவ்வொன்றிலும் ஓட்டக்காரர் இருப்பார் அல்லது இருக்கமாட்டார். ஆக 8 வகை. அவுட் ஆனவர்கள் பூஜ்யம், ஒன்று, இரண்டு. 8 பெருக்கல் 3, மொத்தம் 24. மட்டைக்காரரின் கணக்கில் பால் 0 முதல் 3 வரை, ஸ்ட்ரைக் (தோதாக வந்தும் அடிக்காமல் விட்ட, அல்லது வீசியும் தவறவிட்ட பந்து) 0 முதல் 2 வரை, 12 வகை. 24 பெருக்கல் 12, ஆக 288. ஸ்கோரையும் எத்தனையாவது இன்னிங் (இரண்டு அணியும் ஒருமுறை மட்டை பிடிக்கும் சுற்று) என்பதையும் விட்டுவிட்டால், ஆட்டம் எந்த நொடியிலும் இந்த 288 நிலைகளில் ஒன்றில்தான் நிற்கும். கம்ப்யூட்டர் மொழியில் இதைச் சொல்ல ஒன்பது பிட், அதாவது ஒன்பது 0 அல்லது 1, போதும். அதே ஆட்டத்தைக் குரலாக அனுப்ப, சாதாரண டிஜிட்டல் தொலைபேசி இணைப்பு நொடிக்கு 64,000 பிட் கேட்கிறது. இருபது நொடிக்கு 12 லட்சத்து 80 ஆயிரம். ஒன்பதுக்கும் அதற்கும் நடுவில் இருப்பதெல்லாம் வர்ணனையாளரின் கைவேலை.

பந்து அடிபட்டால் என்ன செய்வது? அதற்கும் சுருக்கு வழி இருந்தது. தடுப்பாளர்களுக்கு நிலையான எண்கள் உண்டு: பிட்சர் 1, கேட்சர் 2, முதல் பேஸ்காரர் 3, இரண்டாம் பேஸ்காரர் 4, மூன்றாம் பேஸ்காரர் 5, இரண்டாம் மூன்றாம் பேஸுக்கு நடுவில் நிற்கும் ஷார்ட்ஸ்டாப் 6. இடது, நடு, வலது வெளிக்களத்துக்கு 7, 8, 9. சீட்டில் 6-4-3 என்று வந்தால், ஷார்ட்ஸ்டாப் பந்தைப் பிடித்து இரண்டாம் பேஸுக்கு எறிந்தார், அங்கிருந்து முதல் பேஸுக்குப் போனது, இரண்டு பேர் அவுட். மூன்றே எண்களில் ஒரு முழுக் காட்சி. ஷார்ட்ஸ்டாப் பாய்ந்து விழுந்து பிடித்தாரா, நின்ற இடத்தில் பிடித்தாரா என்பதை எண் சொல்லாது. வர்ணனையாளர் பாயவைத்தால் பாய்ந்ததுதான்.

சரி, தந்தி அறுந்துபோனால்? ரீகன் பின்னாளில் பலமுறை சொன்ன கதை இது. ஆட்டத்தின் நெருக்கடியான கட்டத்தில், கம்பி செத்துவிட்டது என்று சீட்டு வந்தது. இவரோ அதற்குள் பிட்சரைப் பந்து எறியவைத்துவிட்டார். பாட்டுப் போடலாம் என்றால், அதே ஆட்டத்தை வேறு நிலையங்களும் ஒலிபரப்பிக்கொண்டிருந்தன. கேட்பவர்கள் முள்ளைத் திருப்பிவிடுவார்கள். அதனால் ஃபவுல் அடிக்கவைத்தார். அப்புறம் இன்னொரு ஃபவுல். அப்புறம் இன்னொன்று. ஆறேழு நிமிடம் ஃபவுலாகவே ஓட்டினார்.

நல்ல நகைச்சுவைக் கதை. ஆனால் அவர் பிடித்த ஓட்டை எவ்வளவு சரியான ஓட்டை என்று பாருங்கள். ஃபவுல் என்பது மட்டையில் பட்டு எல்லைக் கோட்டுக்கு வெளியே போகும் பந்து. முதல் இரண்டு ஃபவுல் ஸ்ட்ரைக்காகக் கணக்காகும். அதற்கப்புறம் எத்தனை அடித்தாலும் கணக்கு அசையாது. 288 நிலைகளில் நின்ற இடத்திலேயே நின்றபடி, மட்டையும் பந்தும் மட்டும் சத்தம் போட்டுக்கொண்டிருக்கலாம். மறுநாள் பத்திரிகையில் வரும் ஸ்கோர் அட்டையிலும் ஃபவுலுக்கு இடம் இல்லை. கம்பி உயிர் பெற்றதும் வந்த சீட்டு, அந்த மட்டைக்காரர் முதல் பந்திலேயே கேட்ச் கொடுத்து அவுட் என்று சொன்னதாம்.

மீதி வேலை சத்தத்தில் இருந்தது. மட்டையில் பந்து படும் ஓசைக்கு ஒரு மரக்கட்டையும் குச்சியும் போதும். இது எடுபட்டதற்கு இரண்டு காரணங்கள். ஒன்று, மட்டையடி என்பது மிகக் குறுகிய, எல்லா அலைவெண்களும் கலந்த ஒரு தட்டு; கட்டையில் குச்சி பட்டாலும் கிட்டத்தட்ட அதே வடிவம்தான். இரண்டாவது, அந்தக் காலத்து ஏ.எம். ரேடியோப் பெட்டிகள் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் எதையும் ஒழுங்காக ஒலிக்கவில்லை. போலியைக் காட்டிக்கொடுக்கும் நுணுக்கங்கள் பெரும்பாலும் அந்த மேல்பகுதியில்தான் இருக்கின்றன. 1938-இல் இங்கிலாந்தில் ஆஷஸ் கிரிக்கெட் நடந்தபோது ஆஸ்திரேலியாவிலும் இதே தந்திரம்தான். கேபிள் தந்தியை வைத்துக்கொண்டு, பென்சிலால் கட்டையைத் தட்டிப் பந்துக்குப் பந்து வர்ணித்தார்கள்.

கூட்டத்தின் இரைச்சல் இன்னும் சுலபம். ஆயிரக்கணக்கான குரல்கள் சேர்ந்தால் தனிக்குரல் கரைந்து, மழைச் சத்தம் மாதிரி ஒன்றாகிவிடும். இசைத்தட்டில் பதிந்த இரைச்சலைத் திரும்பத் திரும்பச் சுழலவிட்டாலும் காது ஏமாறும். ஆனால் அதில் ஒரே ஒருவன் விசில் அடித்திருந்தால் போச்சு. இரண்டாவது சுற்றில் அதே விசில் அதே இடத்தில் வரும்போது காது அதைப் பிடித்துக்கொள்ளும்.

இந்தக் கலையை உச்சத்துக்குக் கொண்டுபோனவர் டல்லஸின் கோர்டன் மெக்லெண்டன். ஊர் ஊராகக் கூட்ட இரைச்சலைப் பதிவு செய்து வைத்துக்கொண்டு, அவருடைய லிபர்ட்டி வானொலி வலையமைப்பு 1952-இல் மூடப்படும் வரை நூற்றுக்கணக்கான நிலையங்களுக்கு ஆட்டங்களை அனுப்பினார். 1958-இல் ஜயண்ட்ஸ் அணி நியூயார்க்கை விட்டு சான் பிரான்சிஸ்கோ போனபோது, ஏங்கிக் கிடந்த நியூயார்க் ரசிகர்களுக்காக லெஸ் கைட்டர் மூன்று சீசன் இதே வேலையைச் செய்தார். எதிர்க்கட்சியும் இருந்தது. புரூக்ளின் டாட்ஜர்ஸின் ரெட் பார்பர், வெளியூர் ஆட்டங்களை வர்ணிக்கும்போது தந்திக் கருவியின் 'டக் டக்' சத்தம் கேட்கும்படி மைக்கை வைத்துக்கொள்வார். நான் மைதானத்தில் இல்லை, தந்தியைப் படிக்கிறேன் என்பது கேட்பவருக்குத் தெரிய வேண்டும் என்பது அவர் கட்சி. எனக்கு பார்பர் மேல்தான் மரியாதை. ஆனால் அந்தக் காலத்தில் இருந்திருந்தால் மெக்லெண்டனைத்தான் கேட்டிருப்பேன்.

இதில் வழக்கும் உண்டு. பிட்ஸ்பர்க்கில் கே.க்யூ.வி. என்ற நிலையம், உள்ளூர் அணியிடம் உரிமை வாங்காமல், மைதானத்துக்கு வெளியே உயரமான இடத்தில் ஆட்களை உட்காரவைத்து, அவர்கள் சொன்னதை வைத்து ஒலிபரப்பியது. மதில் மேல் எட்டிப் பார்ப்பது குற்றமா? 1938-இல் நீதிமன்றம் அணியின் பக்கம் நின்றது. ஆட்டத்தை நடத்தச் செலவு செய்தவருக்கே அதன் செய்தியை விற்கும் உரிமை என்று சொல்லி, ஒலிபரப்புக்குத் தடை போட்டது.

சில ஊர்களுக்குத் தந்தியும் தேவைப்படவில்லை, இருட்டே போதுமானதாக இருந்தது. மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே, அதன் கரையில் இருக்கும் செயின்ட் லூயிஸைத் தாண்டி, 1955 வரை பெரிய லீக் (அமெரிக்க பேஸ்பாலின் உச்ச மட்டம்) அணியே கிடையாது. அந்த ஊர் கே.எம்.ஓ.எக்ஸ். நிலையம் 1120 கிலோஹெர்ட்ஸில் 50,000 வாட் சக்தியோடு இரவில் பல மாநிலங்களுக்குக் கேட்டது. செயின்ட் லூயிஸையே பார்த்திராத ஊர்களில் அந்நகரத்து கார்டினல்ஸ் அணிக்கு ரசிகர்கள் முளைத்தது இப்படித்தான்.

பகலில் அது அவ்வளவு தூரம் போகாது. தரைக்கு 60 முதல் 90 கிலோமீட்டர் உயரத்தில், சூரிய ஒளியால் மின்னூட்டம் பெற்ற 'டி' அடுக்கு இருக்கிறது. மத்திய அலை, அதாவது ஏ.எம். நிலையங்களின் மீடியம் வேவ், அதற்குள் நுழைந்தால் எலக்ட்ரான்கள் குலுங்கும். அங்கே காற்று ஓரளவு அடர்த்தி என்பதால், குலுங்கும் எலக்ட்ரான்கள் மூலக்கூறுகளில் மோதி, அலையின் சக்தி சூடாகப் போய்விடும். சூரியன் மறைந்ததும் எலக்ட்ரான்கள் மறுபடி அயனிகளோடு சேர, டி அடுக்கு கரைகிறது. இப்போது அலை தடையில்லாமல் மேலேறி, 100 கிலோமீட்டருக்கு மேலுள்ள அடுக்குகளில் வளைந்து, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளித் தரைக்குத் திரும்புகிறது. நம் பக்கம் இரவில் மீடியம் வேவில் முள்ளைத் திருப்பியவர்களுக்கு இது புதிதல்ல. இலங்கை வானொலி தமிழ்நாட்டுக் கரையோரங்களில் பகலிலும் கேட்டதற்கு மட்டும் காரணம் வேறு: உப்புத் தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும், அதன்மேல் ஓடும் தரையலை அதிகம் தேயாது.

இரவு வரவில் ஒரு தொல்லையும் உண்டு. கே.எம்.ஓ.எக்ஸ். அலையின் நீளம் சுமார் 268 மீட்டர். இரண்டு வழியாக வரும் அலைகளின் பாதை 134 மீட்டர் வித்தியாசப்பட்டால் ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டு குரல் அமுங்கும். மேலே அயனி அடுக்கு கொஞ்சம் ஏறி இறங்கினாலே போதும், சரியாக ஹோம்ரன் (கிரிக்கெட்டின் சிக்சர் மாதிரி) அடிக்கிற நேரத்தில் சத்தம் மூழ்கிப்போகும். இன்னொரு வேடிக்கை: தூரத்து நிலையங்களோடு மோதாமலிருக்க, அமெரிக்காவில் பல சின்ன ஏ.எம். நிலையங்கள் பொழுது சாய்ந்ததும் சக்தியைக் குறைத்தாக வேண்டும். ஏப்ரல் மாதத்து இரவு ஆட்டத்தில், இரண்டாவது மூன்றாவது இன்னிங்கில், பக்கத்து ஊர் நிலையம் மங்கும். தூரத்து ஊர் நிலையம் தெளிவாகும்.

இப்போது ஆட்டம் இணையம் வழியாகக் குரலாகவே வருகிறது. மைதானத்தில் கைப்பெட்டி அளவு கருவி ஒன்று ஒலியைச் சுருக்கி அனுப்ப, தலைமை நிலையம் அதை வாங்கி, சிற்றூர் நிலையங்களுக்குப் பங்கு போடுகிறது. டிஜிட்டல் வானொலி வந்தபோது ஒரு புதுக் கோளாறும் கூடவே வந்தது. பிழை திருத்துவதற்காக அது ஒலியைச் சில நொடி தேக்கிவைக்கும். டிஜிட்டலிலிருந்து சாதாரண ஒலிக்கு மாறும்போது துள்ளக்கூடாது என்று சாதாரண ஒலியையும் அதே அளவு தாமதிப்பார்கள். மைதானத்திலேயே காதில் ரேடியோவை வைத்துக்கொண்டு ஆட்டம் பார்ப்பவருக்கு இது பெரும் இம்சை. கண்ணெதிரே அவுட் ஆனவர் காதில் இன்னும் மட்டையோடு நிற்பார். அதனால் ஆட்ட நேரத்தில் அந்தத் தாமதத்தை எடுத்துவிட ஒரு வசதி வைத்திருக்கிறார்கள். அதன் பெயரே 'பால் கேம் மோட்'.

2020-இல் கொரோனா வந்ததும் காலம் பின்னோக்கிச் சுழன்றது. வர்ணனையாளர்கள் வெளியூர் போகவில்லை. சொந்த ஊர் மைதானத்தில் உட்கார்ந்து, திரையைப் பார்த்து வெளியூர் ஆட்டத்தை வர்ணித்தார்கள். ஆளில்லாத மைதானங்களில், 'எம்.எல்.பி. தி ஷோ' என்ற வீடியோ கேமிலிருந்து எடுத்த கூட்ட இரைச்சல் ஒலிபெருக்கியில் ஓடியது. சீட்டுக்குப் பதில் திரை என்பதால் சுலபம் என்று நினைக்கக்கூடாது. கேமரா பந்தின் பின்னாலேயே போகும். வானொலி வர்ணனையாளருக்கு வேண்டியது பந்து இல்லாத இடம்: முதல் பேஸில் நிற்பவர் ஓட ஆரம்பித்தாரா, வெளிக்களத்துக்காரர் எவ்வளவு தள்ளி நிற்கிறார். அது திரையில் இல்லையென்றால் ஊகம்தான்.

ஆனால் மைதானத்திலேயே உட்கார்ந்தும் ஊகிக்க வேண்டிய ஆட்டங்கள் உண்டு. பிப்ரவரிக் கடைசியிலிருந்து மார்ச் முடிய நடக்கும் பயிற்சி ஆட்டங்கள் அவை. பதினைந்து அணிகள் அரிசோனாவில், பதினைந்து ஃபுளோரிடாவில். அரிசோனாவில் எல்லா மைதானங்களும் ஃபீனிக்ஸ் நகரைச் சுற்றியே இருப்பதால் வர்ணனையாளர் காரில் போய்விட்டு வந்துவிடலாம். ஃபுளோரிடாவில் ஒரு கரையிலிருந்து மறு கரைக்குச் சில மணி நேரம் ஓட்ட வேண்டும். போதாததற்கு ஆட்டங்கள் பெரும்பாலும் வேலைநாள் மத்தியானத்தில், வானொலிக்கு வேறு நிகழ்ச்சிகள் இருக்கும் நேரத்தில். அதனால் பல நிலையங்கள் சில ஆட்டங்களை மட்டுமே பொறுக்கி ஒலிபரப்புகின்றன. சில நாள் ஒரே அணி இரண்டாகப் பிரிந்து இரண்டு ஊரில் ஆடும். எந்தப் பாதியை ஒலிபரப்புவது?

ஐந்தாவது இன்னிங் தாண்டினால் பெரிய பேர்கள் குளிக்கப் போய்விடுவார்கள். ஒரே மூச்சில் ஐந்தாறு பேர் மாறுவார்கள். புதிதாக வருகிறவர் சின்ன லீக் முகாமிலிருந்து அன்று காலை அழைத்துவரப்பட்ட பையனாக இருப்பான். முதுகில் 94 என்று எண் இருக்கும், பெயர் இருக்காது. கையிலுள்ள பட்டியலில் 94 இல்லவே இல்லை, அல்லது இரண்டு பேருக்கு இருக்கும். பையன் அதற்குள் ஒரு நல்ல கேட்ச் வேறு பிடித்துவிடுவான். வர்ணனையாளர் வெயிலைப் பற்றிப் பேசுவார், காற்றின் திசையைப் பற்றிப் பேசுவார், இடது களத்தில் புதியவர் ஒருவர் என்று சமாளிப்பார். கடைசியில் யாராவது கதவைத் திறந்து, பெயர் எழுதிய ஒரு சீட்டை நீட்டுவார்கள்.