‘என் தவறுதானே’ என்று கையெழுத்திடாதீர்கள்

கப்பலைக் கரையோடு கட்டும் மூரிங் கயிறு அறுந்து தெறித்ததில் முழங்கால் நொறுங்கிய கப்பல் டெக் (மேல்தளப்) பணியாளர் ஒருவர் சென்ற வாரம் என்னைப் பார்க்க வந்தார். விபத்து நடந்த ஐந்தாவது வாரத்தில், அறுவை சிகிச்சைக்கு நாள்கூடக் குறிக்காத நிலையில், ‘முழு இறுதித் தொகையாகப் பெற்றுக்கொண்டேன்’ என்ற ரசீதில் அவர் கையெழுத்திட்டிருந்தார். ஏன் என்று கேட்டதற்கு, “கயிறு தெறிக்கும் இடத்தில் நின்றது நான்தானே சார், இதையாவது கொடுத்தார்களே” என்றார். இதே பதிலைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டதால்தான் இதை எழுதுகிறேன்.

யார் தவறு என்ற கேள்வியே முதலில் எழுவதில்லை. 2006-ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை 2013 ஆகஸ்ட் 20 முதல் நடைமுறையில் இருக்கிறது. உங்கள் கப்பலின் கொடிக்குரிய நாடு, அதாவது கப்பல் பதிவான நாடு, அதை ஏற்றிருந்தால், பணியில் நேர்ந்த காயத்துக்கான சிகிச்சைச் செலவைக் கப்பல் உரிமையாளர் ஏற்றே ஆக வேண்டும். நாட்டுச் சட்டம் அதற்குக் கால வரம்பு வைக்கலாம். ஆனால் அது காயம்பட்ட நாளிலிருந்து 16 வாரங்களுக்குக் குறையக் கூடாது. கப்பல் பணிக்கு வெளியே நேர்ந்த காயம், வேண்டுமென்றே செய்த தீச்செயலால் வந்த காயம், வேலையில் சேரும்போது தெரிந்தே மறைத்த நோய் ஆகிய மூன்றுக்கு மட்டுமே விலக்கு அளிக்கலாம். தவறான இடத்தில் நின்றது கவனக்குறைவாக இருக்கலாம், தீச்செயல் ஆகாது. உரிமையாளரின் அலட்சியத்துக்காகத் தனியாக நஷ்டஈட்டு வழக்குத் தொடுக்கும்போதுதான் உங்கள் கவனக்குறைவு பேசப்படும். அங்கும் பல நாடுகளில் அது தொகையைக் குறைக்குமே தவிர வழக்கை அழிக்காது. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் இத்தனை ரசீதுகள் எழுதப்படுகின்றன.

நிரந்தர ஊனத்துக்கு ஒப்பந்தப்படி வர வேண்டிய தொகை தனி. 2017 ஜனவரி 18 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம், அதற்கான நிதிப் பிணையத்தின் (காப்பீடு போன்ற பண உத்தரவாதத்தின்) சான்றிதழைக் கப்பலிலேயே எல்லோரும் பார்க்கும் இடத்தில் ஒட்டி வைக்கச் சொல்கிறது. குறைந்த தொகைக்குச் சம்மதிக்கும்படி நெருக்குவதையும் தடுக்கிறது. நலம் விசாரிக்க வருகிறவர் பையிலிருந்து படிவத்தை எடுத்தால், தயவுசெய்து பேனாவைத் தொடாதீர்கள். (மீன்பிடிக் கலங்களுக்கு இந்த உடன்படிக்கை பொருந்தாது, துறைமுகத் தொழிலாளர்களுக்கும் அந்தந்த நாட்டுச் சட்டமே வழி.)

வலி குறைவாகத் தோன்றினாலும் அன்றே அதிகாரியிடம் சொல்லி, லாக்புக்கில் (கப்பலின் பதிவேட்டில்) பதிவாகிறதா என்று பாருங்கள். அறுந்த கயிற்றைக் கழற்றி எறிவதற்குள் படம் எடுங்கள். வேலை ஒப்பந்தம், தொழிற்சங்கம் செய்துகொண்ட கூட்டு ஒப்பந்தம், மருத்துவக் குறிப்புகள் ஆகியவற்றின் நகல்களை வீட்டுக்கும் அனுப்பிவையுங்கள்; சைன் ஆஃப் ஆகி, அதாவது பணி முடிந்து கப்பலை விட்டு இறங்கிய பிறகு அவற்றைக் கேட்டுப் பெறுவது எத்தனை பாடு என்பது எங்களுக்குத்தான் தெரியும். வழக்குத் தொடுக்கும் காலக்கெடு நாட்டுக்கு நாடு மாறும் என்பதால், குணமான பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள்.

அந்த ரசீது செல்லாது என்று இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன். கையெழுத்திடும் முன் ஒரு முறை அழைத்திருந்தால், முழங்காலைப் பற்றி மட்டும் எழுதினால் போதுமாக இருந்திருக்கும்.