வருமா, வராதா: போன் நம்மை இழுக்கும் விதம்

"ஒரு வாரம் போனையும் மின்னஞ்சலையும் அணைத்து வைத்தால், மூளையில் சேர்ந்திருக்கும் டோபமின் வடிந்து எல்லாம் சரியாகிவிடும் என்கிறார்களே, உண்மையா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

அணைத்து வைப்பதால் நன்மை உண்டு, ஆனால் காரணம் அதுவல்ல. டோபமின் மூளைச் செல்கள் ஒன்றுக்கொன்று சேதி அனுப்பப் பயன்படுத்தும் வேதிப்பொருள், உடலில் தேங்கும் கழிவு இல்லை. அதைச் சுரக்கும் செல்கள் அழிந்தால் கை கால் அசைவே தடுமாறும். பார்க்கின்சன் நோயில் நடப்பது அதுதான். இரவில் திரை வெளிச்சம் மெலடோனின் என்ற தூக்க ஹார்மோனின் சுரப்பைத் தள்ளிப்போட்டுத் தூக்கத்தைக் கெடுப்பது பலருக்கும் தெரியும், அதை இங்கே விட்டுவிடுகிறேன். பகலில், எந்தச் செய்தியும் வராதபோதுகூட கை ஏன் போனைத் தேடுகிறது? எனக்கு அதுதான் சுவாரசியம்.

வுல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற நரம்பியலாளர் குரங்குகளின் மூளையில் டோபமின் செல்களை ஒவ்வொன்றாகக் கவனித்து வந்தார். எதிர்பாராமல் ஒரு சொட்டுப் பழச்சாறு கிடைத்தால் செல் படபடவென்று மின் துடிப்புகளை அனுப்பியது. சாறுக்கு முன் ஒரு விளக்கை எரியவிட்டுப் பழக்கினார். சில நாளில் துடிப்பு விளக்குக்கு இடம் மாறியது. சாறு வந்தபோது செல் சும்மா இருந்தது. விளக்கு எரிந்தும் சாறு வராவிட்டால், அது வந்திருக்க வேண்டிய அதே நொடியில் செல்லின் துடிப்பு வழக்கத்தைவிடக் கீழே இறங்கியது. அதாவது இந்தச் செல்கள் இன்பத்தை அளப்பதில்லை. எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள வித்தியாசத்தை அளக்கின்றன. மனித மூளையின் ஸ்கேன் ஆய்வுகளிலும் இதே எதிர்பார்ப்புப் பிழையின் தடயம் தெரிகிறது.

2003-ல் அவருடைய குழு இன்னொன்றைக் கண்டது. குரங்குகளுக்குக் காட்டிய சில படங்களுக்குப் பிறகு சாறு கட்டாயம் வரும், சிலவற்றுக்குப் பிறகு வரவே வராது, மற்றவற்றுக்குப் பிறகு வரலாம், வராமலும் போகலாம். படத்தைக் காட்டியதற்கும் சாறு வரும் நேரத்துக்கும் இடைப்பட்ட அந்தச் சில நொடிகளில், பல செல்களின் துடிப்பு மெல்ல மெல்ல ஏறியது. எந்தப் படத்துக்கு அதிகமாக ஏறியது தெரியுமா? சாறு வர சரிபாதி வாய்ப்புள்ள படத்துக்கு! நிச்சயமாக வரும் என்ற படத்துக்கு அந்த ஏற்றம் இல்லை. காத்திருக்கும் நொடிகளில் செல்லை உசுப்பிவிட்டது சாறு அல்ல, 'வருமா, வராதா' என்ற நிலை. எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுக்காத முடிவு இது.

போனைத் திறக்கும்போது நாமும் அந்த நிலையில்தான் இருக்கிறோம். பத்தில் எட்டு மின்னஞ்சல் உப்புச்சப்பில்லாதது என்பதுதான் அதன் பலமே. அந்த மீதி இரண்டு எப்போது வரும் என்று தெரியாது. பரிசு எத்தனையாவது கொத்தலில் விழும் என்று தெரியாத புறாக்கள் விடாமல் கொத்திக்கொண்டே இருக்கும் என்று உளவியலாளர்கள் ஃபெர்ஸ்டரும் ஸ்கின்னரும் 1957-லேயே விரிவாக எழுதிவிட்டார்கள்.

ஷுல்ட்ஸ் பார்க்கின்சன் நோயையும் அசைவையும் புரிந்துகொள்ளத்தான் இந்தச் செல்களை ஆராயத் தொடங்கினார். குரங்குக்குச் சாறு ஊட்டும் ஆய்வுக்கு எதற்குப் பணம் என்று அன்று யாராவது கையை மடக்கியிருந்தால், இன்று இந்தக் கேள்விக்குப் பதிலே இருந்திருக்காது. உடனடிப் பயன் தெரியாத ஆய்வுக்கும் நிதி வேண்டும் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான். இந்த ஆய்விலிருந்து ஒரே ஒரு சொல்லை மட்டும் பிய்த்தெடுத்து 'டோபமின் விரதம்' என்று விற்பவர்கள்மீது எனக்குக் கோபம் வருகிறது. அறிவியல் சாயம் பூசிய மூடநம்பிக்கை அது.

சரி, என்ன செய்யலாம்? கணிக்க முடியாததைக் கணிக்கக்கூடியதாக மாற்றலாம். 2015-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், மின்னஞ்சலை நாளுக்கு மூன்று முறை மட்டும் பார்த்த வாரத்தில், இஷ்டம்போல் பார்த்த வாரத்தைவிட மன அழுத்தம் குறைந்தது. 2019-ல் வந்த இன்னோர் ஆய்வில் அறிவிப்புகளை மூன்று வேளையாகத் தொகுத்து அனுப்பியபோது, கவனமும் மனநிலையும் மேம்பட்டன. அறிவிப்புகளை முழுக்க நிறுத்தியவர்களுக்கோ பதற்றம் கூடியது. அவர்கள் போனில் சத்தம் இல்லாமல் போனதே தவிர, 'வந்திருக்குமோ' என்ற கேள்வி நாள் முழுக்கத் திறந்தே கிடந்தது.

அதனால் போனைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. அவசரத்துக்கு அழைக்கக்கூடிய சிலரின் அழைப்பு மட்டும் ஒலிக்கட்டும், மற்றவற்றுக்கு நேரம் குறித்துவிடுங்கள். முதல் சில நாட்கள் கை தானாகப் போனிடம் போகும். அப்போது திறந்து பார்க்காமல் இருப்பது முக்கியம். குறித்த வேளைக்கு முன் எப்போதாவது ஒருமுறை பார்த்தாலும், மறுபடியும் அது 'வருமா, வராதா' ஆகிவிடும்.