பேச்சு நின்றால் புத்தியும் நின்றதாகிவிடுமா?

2006 டிசம்பர் 13. அமெரிக்க செனட்டர் டிம் ஜான்சன் நிருபர்களோடு தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார். தெற்கு டகோட்டா மாநிலத்துக்காரர், அறுபதாவது பிறந்த நாளுக்கு இரண்டு வாரம்தான் பாக்கி. ஒரு கேள்விக்குப் பதில் சொல்லும்போது நாக்கு தடுமாறியது, வார்த்தைகள் திக்கின. அப்புறம் சமாளித்துக்கொண்டார். வேறு கேள்வி இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் பேச்சை முடித்தார். ஆனால் அலுவலகத்துக்குப் போனபிறகும் உடம்பு சரியில்லை. நாடாளுமன்ற மருத்துவர் வந்து பார்த்தார். ஆம்புலன்ஸ் வந்தது. அன்றிரவே ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழக மருத்துவமனையில் மூளையில் அறுவை சிகிச்சை.

அந்த "சமாளித்துக்கொண்டார்" என்ற இடம்தான் எங்களைப் போன்ற நரம்பியல் மருத்துவர்களுக்குப் பயம். திடீரென்று பேச்சு குழறும், வாய் ஒரு பக்கம் கோணும், கையிலிருக்கும் டம்ளர் நழுவும். பத்து நிமிடத்தில் சரியாகிவிட்டது போலவும் இருக்கும். "கேஸ் பிரச்சினை, தூக்கமில்லை, வெயிலில் அலைந்தது" என்று வீட்டில் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். ஒரு சோடாவை உடைத்துக் கொடுப்பார்கள். விழுங்கும் தசைகளும் தளர்ந்திருந்தால் அந்த சோடா நுரையீரலுக்குள் போய்விடும். இன்னொருவர் மாரடைப்புக்குச் சொல்லக் கேட்ட ஞாபகத்தில் ஆஸ்பிரின் மாத்திரையைக் கொடுப்பார். மூளையில் ரத்தம் கசிந்துகொண்டிருந்தால் அது எரிகிற தீயில் எண்ணெய்தான். அடைப்பா, கசிவா என்பது ஸ்கேன் எடுத்தால்தான் எங்களுக்கே தெரியும். அடைப்பு என்றால் ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் அவகாசம். கசிவு என்றால் அதே ஊசி ஆளைக் கொன்றுவிடும். அதனால் வீட்டில் செய்ய வேண்டியது ஒன்றுதான்: வாயில் எதுவும் கொடுக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். செயலிழந்த கைகாலில் புறா ரத்தம் தேய்த்துக்கொண்டு மூன்றாம் நாள் வருபவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றி எழுதினால் எனக்கு ரத்த அழுத்தம் ஏறிவிடும், விடுங்கள்.

ஜான்சனுக்கு வந்தது ஏவிஎம். அந்தப் பெயரைச் சொன்னால் நம் ஆட்களுக்கு ஸ்டுடியோதான் நினைவுக்கு வரும். இது ரத்தக்குழாய்க் கோளாறு. இதயத்திலிருந்து வேகமாக வரும் ரத்தம் தமனியிலிருந்து மெல்லிய நுண்குழாய்களில் பரவி, வேகம் குறைந்து, பிறகுதான் சிரைக்குள் போக வேண்டும். ஏவிஎம்மில் நடுவில் நுண்குழாய்களே கிடையாது. தமனியும் சிரையும் நேராகப் பின்னிக் கிடக்கும். போர் மோட்டார் தண்ணீரை அப்படியே சொட்டுநீர்க் குழாயில் திருப்பிவிட்டது போல, என்றைக்காவது ஓரிடத்தில் வெடிக்கும். பெரும்பாலும் பிறவியிலேயே வருவது. பலருக்குக் கடைசிவரை தெரியாமலே போய்விடும். சிலருக்கு வலிப்பு வந்து ஸ்கேன் எடுக்கும்போது தெரியவரும். இருப்பது தெரிந்துவிட்டால் ஆண்டுக்கு நூற்றில் இரண்டு முதல் நான்கு பேருக்குக் கசியலாம் என்பது எங்கள் பொதுவான கணக்கு. கண்டவுடன் அறுத்து எடுத்தே ஆக வேண்டும் என்றும் இல்லை. இடம், அளவு, வயது எல்லாம் பார்த்துத்தான் முடிவு.

முதலில் ஸ்ட்ரோக்காக இருக்கலாம் என்று செய்தி வந்தது. பிறகு ஸ்ட்ரோக்கும் இல்லை, மாரடைப்பும் இல்லை என்று அவருடைய அலுவலகம் சொன்னது. ஏவிஎம் என்பது மறுநாள்தான் வெளியே தெரிந்தது. அதற்குள் வாஷிங்டனில் எல்லோரும் விரலை மடக்கி எண்ண ஆரம்பித்துவிட்டார்கள்.

காரணம் இருந்தது. ஒரு மாதம் முன்புதான் தேர்தல் முடிந்திருந்தது. நாடாளுமன்ற மேலவையான செனட்டில் இரண்டு சுயேச்சைகளையும் சேர்த்து ஜனநாயகக் கட்சிப் பக்கம் 51, குடியரசுக் கட்சிக்கு 49. புதிய செனட் ஜனவரி 4-ம் தேதி கூட வேண்டும். ஜான்சன் ஜனநாயகக் கட்சிக்காரர். அவர் இடம் காலியானால் அதை நிரப்பும் அதிகாரம் தெற்கு டகோட்டா ஆளுநர் மைக் ரவுண்ட்ஸ் கையில். அங்கே ஆளுநர் என்றால் மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் மாநிலத் தலைவர், நம் முதல்வர் மாதிரி. ரவுண்ட்ஸ் குடியரசுக் கட்சிக்காரர். அவர் தன் கட்சி ஆளை அனுப்பினால் 50-50. சரிசமமானால் துணை அதிபர் டிக் செனி வாக்குப் போடலாம், அவரும் குடியரசுக் கட்சிதான். குழுத் தலைவர்கள் யார், எந்த மசோதா அவைக்கு வரும், எந்த நீதிபதி நியமனம் நகரும் என்பதெல்லாம் பெரும்பான்மையைப் பொறுத்தது. ஈராக் போர் உச்சத்தில் இருந்த நேரம் வேறு. அத்தனையும் ஒரு மனிதரின் மூளையில் சில சென்டிமீட்டர் இடத்தைச் சுற்றி நின்றது.

எல்லோரும் கேட்டது ஒரே கேள்வி: எப்போது வருவார்? எங்கள் வார்டு வாசலிலும் அதே கேள்விதான். "எப்ப சார் பேசுவார்?" முதல் நாளிலேயே இதற்குத் தேதி சொல்கிற மருத்துவரை நம்பாதீர்கள். வீக்கம் வடிய வாரங்கள் ஆகும். முதல் மூன்று மாதத்தில் முன்னேற்றம் வேகமாகத் தெரியும், அதற்குப் பிறகும் ஒரு வருடம், சிலருக்கு அதற்கு மேலும், கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சும் கையும் திரும்பிக்கொண்டிருக்கும். மூன்று மாதம் ஆனதும் "இனி இவ்வளவுதான்" என்று பயிற்சியை நிறுத்திவிடுகிற குடும்பங்கள் இழப்பது அதைத்தான்.

அரசியலுக்கு இந்தக் காத்திருப்பு ஒத்துவராது. ஆனால் சட்டம் ஒருவகையில் ஜான்சனுக்குத் துணை நின்றது. செனட்டர் இறந்தாலோ, ராஜினாமா செய்தாலோ, அவை அவரை வெளியேற்றினாலோதான் இடம் காலி. நோயில் படுத்திருப்பது காலியிடம் ஆகாது. அதிபர் செயலிழந்தால் என்ன செய்வது என்பதற்கு அவர்களுடைய அரசமைப்பில் 25-வது திருத்தம் இருக்கிறது. செனட்டருக்கு அப்படி எதுவும் இல்லை. அவர் சார்பில் வேறொருவர் அவையில் வாக்குப் போடவும் முடியாது. ஆக, நாற்காலி அவருடையதாகவே இருக்கும், வாக்கு மட்டும் விழாது. 2007 மார்ச்சில் ஈராக்கிலிருந்து படைகளைத் திரும்பப்பெறக் காலவரையறை வைத்த நிதி மசோதா 51-47 என்று நிறைவேறியபோது ஜான்சன் அவையில் இல்லை. எதிர்க்கட்சியிலிருந்து இரண்டு பேர் இந்தப் பக்கம் வந்ததால் தப்பியது.

இந்தச் சட்டத்துக்கு இன்னொரு முகமும் உண்டு, அதுவும் அதே தெற்கு டகோட்டாவில். கார்ல் முன்ட் என்ற செனட்டருக்கு 1969 நவம்பரில் பக்கவாதம் வந்தது. 1973 ஜனவரியில் பதவிக்காலம் முடியும்வரை அவர் அவைக்குத் திரும்பவே இல்லை. மூன்று வருடத்துக்கு மேல் ஒரு மாநிலத்துக்கு இரண்டு செனட்டரில் ஒருவர்தான். அவர் பொறுப்பு வகித்த குழு இடங்களை 1972-ல் அவருடைய கட்சியே எடுத்துக்கொண்டது, ஆனால் பதவியைத் தொட முடியவில்லை.

முன்ட்டையும் ஜான்சனையும் ஒரே தட்டில் வைக்கலாமா? கூடாது என்பதே என் கருத்து. சட்டத்துக்கு ஆள் உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்பது மட்டும் போதும். எங்கள் வேலையோ அந்த இரண்டுக்கும் நடுவில். அங்கே கேட்க வேண்டியது, அவரால் புரிந்துகொண்டு முடிவெடுக்க முடிகிறதா என்பது. பேச முடிகிறதா என்பதல்ல.

கிளேர் எங்கிள் கலிஃபோர்னியா செனட்டர். மூளையில் கட்டி, 1963-ல் அறுவை சிகிச்சை, அதன் பிறகு பேச்சு போய்விட்டது. 1964 ஜூன் 10-ம் தேதி, இனப் பாகுபாட்டைத் தடுக்கும் குடிமை உரிமைகள் மசோதாவை வாரக்கணக்கில் பேசிப் பேசியே இழுத்தடித்துக்கொண்டிருந்த விவாதத்தை முடித்து வைக்க வாக்கெடுப்பு. 67 வாக்கு தேவை. எங்கிளைச் சக்கர நாற்காலியில் அவைக்குக் கூட்டிவந்தார்கள். பெயர் அழைத்ததும் பேச முயன்றார், வரவில்லை. கையைத் தூக்கித் தன் கண்ணைச் சுட்டிக் காட்டினார். அங்கே ஆதரவு வாக்குக்குச் சொல்லும் சொல்லும் கண்ணைக் குறிக்கும் சொல்லும் ஆங்கிலத்தில் ஒரே மாதிரிதான் ஒலிக்கும். அவருடைய வாக்கும் சேர்ந்து 71-29. அடுத்த மாதக் கடைசியில் அவர் இறந்துபோனார்.

ஒரு நரம்பியல் மருத்துவராக அந்தக் கணத்தை நான் இப்படிப் பார்க்கிறேன்: எந்த வாக்கெடுப்பு, தன் நிலை என்ன என்று தெரிந்திருக்கிறது. வாய் வேலை செய்யாது என்றதும் நொடியில் மாற்று வழி தேடியிருக்கிறார். தெளிவான புத்திக்கு இதைவிடப் பெரிய பரிசோதனை எதை வைப்பது?

எங்கள் வார்டில் இதற்கு நேர் எதிரான ஆட்களும் உண்டு. பேச்சுப் பகுதியின் முன்பக்கம் பாதித்தால், கேட்பது பெரும்பாலும் புரியும், சொல்லத்தான் வராது. பின்பக்கம் பாதித்தால் சரளமாகப் பேசுவார்கள், ஆனால் அர்த்தம் இருக்காது. நாம் சொல்வதும் போய்ச் சேராது. "நல்லாத்தானே பேசறார், கையெழுத்து வாங்கிடலாமே" என்று உறவினர்கள் சொல்வது பெரும்பாலும் இரண்டாவது ஆளைப் பற்றி. வாயடைத்துப்போய்க் கண்ணில் நீரோடு படுத்திருக்கும் முதல் ஆளைத்தான் "இவருக்கு ஒண்ணும் புரியாது" என்று பக்கத்திலேயே நின்று பங்கு பிரிப்பார்கள். அவருக்கு எல்லாம் கேட்கிறது, ஐயா.

சொத்துப் பத்திரம், உயில் என்று "சுயநினைவோடு இருக்கிறார்" சான்றிதழ் கேட்டு வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது, எல்லோரும் வெளியே இருங்கள் என்பதுதான். பிறகு கேள்விகள். கண்ணை மூடுங்கள். இடது கையால் வலது காதைத் தொடுங்கள். மழை கீழிருந்து மேலே பெய்யுமா? தலையாட்டினால் போதும். அதற்கப்புறம் விஷயத்துக்கு வருவேன். எந்த இடம், யாருக்கு எழுதுகிறீர்கள், மற்ற பிள்ளைகளுக்கு ஒன்றும் இல்லையா? படத்தைக் காட்டியோ, ஆம் இல்லை என்று எழுதிய அட்டையைக் காட்டியோ கேட்பேன். மறுநாள் அதே கேள்விகளை வரிசை மாற்றிக் கேட்பேன். பதில் மாறாமல் இருந்தால் எழுதிக் கொடுப்பேன். "ஒரு நிமிஷ வேலைதானே சார்" என்பவர்களுக்கு இது எரிச்சலாகத்தான் இருக்கும்.

நம் வாசகர்களுக்கு இந்நேரம் எம்.ஜி.ஆர் நினைவுக்கு வந்திருப்பார். 1984-ல் நோயில் விழுந்து, புரூக்ளின் மருத்துவமனையில் இருந்தபடியே ஆண்டிபட்டியில் வென்றார். பேச்சு பழையபடி திரும்பாமலேயே 1987 வரை முதல்வராக இருந்தார். அவரால் ஆள முடிந்ததா என்ற வாதத்தில் அன்று இரண்டு பக்கமும் பேசியது குரலைப் பற்றித்தான்.

ஜான்சன் கதைக்கு வருகிறேன். 2007 ஆகஸ்டு கடைசியில் சொந்த மாநிலத்தில் சூ ஃபால்ஸ் நகரில் முதல்முறையாக மக்கள் முன் வந்தார். வலது பக்கம் பலவீனம், பேச்சு மெதுவாக, இழுத்து இழுத்து. என் வாயைவிட மூளை வேகமாக ஓடுகிறது, சக செனட்டர்களைவிட எனக்கு அது ஒரு வசதி என்ற மாதிரி வேடிக்கையாகச் சொன்னார். செப்டம்பர் 5-ம் தேதி அவைக்குத் திரும்பினார். 2008 தேர்தலில் எதிர்வேட்பாளரோடு மேடை விவாதத்துக்குப் போகவில்லை, அதற்காகத் திட்டும் வாங்கினார். மக்கள் 60 சதவீதத்துக்கு மேல் வாக்குகளை அள்ளிக் கொடுத்தார்கள். 2002-ல் வெறும் 524 வாக்கில் ஜெயித்தவர் இவர்! பிற்பாடு வங்கித் துறைக் குழுவுக்கே தலைவரானார். 2014-ல் அவர் போட்டியிடாமல் விலகியபோது அந்த இடத்துக்கு வந்தவர் அதே மைக் ரவுண்ட்ஸ், நியமனத்தில் இல்லை, தேர்தலில்.

எல்லோருக்கும் இப்படி முடியாது. செனட்டர் எட்வர்ட் கென்னடிக்கு 2008-ல் வந்தது மூளைப் புற்று, அதில் காலம் நம் பக்கம் இல்லை. அவருடைய மாசசூசெட்ஸ் மாநிலம் அடித்த கூத்தைச் சொல்ல வேண்டும். 2004-ல் எதிர்க்கட்சி ஆளுநர் இருந்ததால், காலியான செனட் இடத்துக்கு ஆள் நியமிக்கும் அவருடைய அதிகாரத்தை ஜனநாயகக் கட்சியினர் சட்டம் போட்டுப் பறித்தார்கள். 2009-ல் தங்கள் கட்சி ஆளுநர் இருந்தபோது, கென்னடியே கடிதம் எழுதிக் கேட்டு, அவர் இறந்தபின் அதே அதிகாரத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். அப்படி வந்த தற்காலிக செனட்டரின் வாக்கோடு அந்த டிசம்பரில் மருத்துவக் காப்பீட்டு மசோதா செனட்டில் 60-39 என்று தேறியது. அடுத்த மாதமே இடைத்தேர்தலில் இடம் எதிர்க்கட்சிக்குப் போனது. முன்கூட்டி யோசிக்காமல் படுக்கையில் விழுந்த பிறகு விதி எழுதினால் இப்படித்தான் ஆகும்.

நம் வீடுகளிலும் விதி எழுதுவது ஐசியூ வாசலில்தான். பவர் பத்திரம் இருக்கிறதே என்று நிறையப் பேர் நிம்மதியாக இருக்கிறார்கள். எழுதிக் கொடுத்தவர் புத்தித் தெளிவை இழந்துவிட்டால், நம் நாட்டுச் சட்டப்படி அந்தச் சாதாரண பவர் செல்லாது. கோமாவில் இருப்பவருக்காகக் குடும்பம் உயர் நீதிமன்றப் படியேற வேண்டியிருக்கிறது. ஆனால் புத்தி தெளிவாக இருந்து, கைதான் வரவில்லை என்றால் கதை வேறு. வங்கிக் கணக்கிலிருந்து பணம் எடுக்கக் கட்டைவிரல் ரேகை போதும், அது முடியாவிட்டால் கால் விரல் ரேகை, அதுவும் முடியாவிட்டால் ஏதோ ஒரு அடையாளக் குறி. வங்கிக்குத் தெரிந்த இரண்டு சாட்சிகள் வேண்டும், அதில் ஒருவர் பொறுப்பான வங்கி அதிகாரியாக இருக்க வேண்டும். ரிசர்வ் வங்கியின் அறிவுறுத்தலே இதற்கு உண்டு. இது தெரியாமல், நோயாளியின் சொந்தப் பணம் வங்கியில் கிடக்க, அவருடைய சிகிச்சைக்கே வெளியில் வட்டிக்கு வாங்குகிறார்கள். கிளையில் "நேரில் வரணும்" என்று சொன்னால் மேலாளரிடம் எழுத்துமூலம் கேளுங்கள். அவருக்குப் புரிகிறது, முடிவெடுக்கிறார் என்ற மருத்துவக் குறிப்பையும் உங்கள் மருத்துவரிடம் வாங்கி அந்தக் கடிதத்தோடு இணையுங்கள்.