கத்திப்பிடிக்குள் ஒடிந்த ட்ரில் பிட்

துளை போடும்போது ட்ரில் பிட் ஒடிந்து பிடிக்குள் சிக்கிக்கொள்ளும் தொல்லை, அரிவாளுக்குப் பிடி போடுகிறவர்களுக்கு அதிகம் கிடையாது. காம்பைப் பழுக்கக் காய்ச்சி மரத்துக்குள் இறக்கி, வாயில் பூண் மாட்டினால் முடிந்தது. இரண்டு பக்கமும் பலகை வைத்து, நடுவில் தகட்டைக் கொடுத்து, குறுக்கே பித்தளைக் கம்பி அடிக்கிற சமையலறைக் கத்தியிலும் வேட்டைக் கத்தியிலும்தான் சிக்கல். அந்தப் பலகை பெரும்பாலும் 6 முதல் 10 மில்லிமீட்டர் தடிமன்தான். கம்பிக்கான துளை 3 மி.மீ. இத்தனை சின்ன துளையில் பிட் ஒடிவானேன்?

துளை சின்னதாக இருப்பதுதான் காரணம். ஒரு பிட் எவ்வளவு முறுக்கைத் தாங்கும் என்பது அதன் விட்டத்தின் மும்மடியைப் பொறுத்தது. 6 மி.மீ. பிட்டை 3 மி.மீ. ஆக்கினால் வலு பாதியாகாது, எட்டில் ஒரு பங்காகிவிடும். அதோடு பிட்டின் புரிப்பள்ளங்களில் தூள் அடைத்துக்கொண்டால், வெட்டுகிற வேலையை விட உரசுகிற வேலை அதிகமாகிறது. மரத்தில் பிசின் இளகித் தூளைக் கெட்டியாக்கும். மாட்டுக்கொம்பு சூட்டில் உப்பிப் பிட்டைக் கவ்விப் பிடிக்கும். தீய்ந்த மயிர் நாற்றம் வந்தால் அதுதான் எச்சரிக்கை. ஜி10 என்ற கண்ணாடி இழைப் பலகை இன்னொரு ரகம். கண்ணாடி பிட்டின் முனையைச் சீக்கிரம் மழுக்கிவிடும், மழுங்கிய பிட்டை நாம் அழுத்துவோம், அழுத்தினால் வளையும். கடைசியில் மறுபுறம் எட்டிப் பார்க்கும் நொடியில் முனை சட்டென்று கவ்வி, பிட் ‘டக்’.

ஒடிந்த துண்டின் மேலேயே இன்னொரு பிட்டை வைத்துத் துளைக்கலாம் என்றுதான் முதலில் தோன்றும். நடக்காது. அதிவேக எஃகு எனப்படும் இந்த உலோகத்தில் டங்ஸ்டனும் மாலிப்டினமும் வனேடியமும் கலந்திருப்பதால், உலோகக் கடினத்தை அளக்கும் ராக்வெல் சி அளவில் அதன் கடினம் 63, 64 வரை போகும். வெட்ட வருகிற பிட்டும் அதே எஃகுதான். கார்பைடு பிட் அதைவிடக் கடினம், ஆனால் ஒடிந்த முகம் சாய்வாக இருக்கும். முனை அந்தச் சரிவில் வழுக்கிப் பக்கத்து மரத்துக்குள் இறங்கிவிடும். அப்புறம் துளையும் கோணல், கார்பைடும் இரண்டு துண்டு.

ஆகவே எஃகோடு மல்லுக்கட்டாமல், பிடி எந்தப் பொருளில் செய்தது என்று பார்ப்பதே வழி. பிட் எல்லாருக்கும் ஒன்றுதான். சுற்றியிருப்பது மரமா, கொம்பா, எலும்பா, பித்தளையா என்பதில்தான் வைத்தியம் மாறுகிறது.

துண்டு ஒரு மில்லிமீட்டராவது வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அதிர்ஷ்டம். பிளேயரால் கவ்வி, இடப்பக்கமாகத் திருகிக்கொண்டே இழுக்க வேண்டும். பிட்டின் புரி வலப்புரி. அடைத்திருக்கும் தூள் ஒரு நட்டு போல அதைப் பிடித்திருக்கிறது. நேராக இழுத்தால் வராது, ஸ்குரூவைக் கழற்றுவது போலத் திருகினால் வரும். காந்தத்தை நம்ப வேண்டாம். பிட் காந்தத்தில் ஒட்டும்தான், ஆனால் உராய்வின் பிடி காந்த இழுப்பை விடப் பல மடங்கு. துண்டு எந்த இடத்தில், எந்தப் பக்கம் நெருங்கியிருக்கிறது என்று தேட மட்டும் காந்தம் உதவும்.

அதற்கும் அசையவில்லையா, சால்டரிங் அயர்னின் முனையைத் துண்டின் மேல் வைத்துச் சூடேற்றலாம். “சூட்டில் விரிந்து, ஆறும்போது சுருங்கி லூசாகிவிடும்” என்று சொல்வார்கள். கணக்குப் போட்டால் அது அவ்வளவு பெரிய விஷயமில்லை. 100 டிகிரி ஏற்றினாலும் 3 மி.மீ. எஃகு நாலு மைக்ரான்கூட விரியாது. உண்மையில் வேலை செய்வது சுற்றியிருக்கும் பொருள். மரத்தை விட எஃகு நூறு மடங்குக்கு மேல் வெப்பத்தைக் கடத்தும் என்பதால் சூடு பிட்டின் ஓரமாகவே கீழே இறங்கி, பிட்டைத் தொடும் மெல்லிய படலத்தை மட்டும் தாக்குகிறது. பிசின் இளகும், எப்பாக்சி பசை தளரும், கொம்பு மெத்தென்று ஆகும். சூடு ஆறுவதற்குள் திருகிவிட வேண்டும். பீனாலிக் பிசினில் துணியை அடுக்கிச் செய்த மைகார்ட்டா பிடிக்கு இது அவ்வளவு பலிக்காது. அந்தப் பிசின் ஒருமுறை இறுகினால் இளகாது, கருகத்தான் செய்யும்.

கடிகாரம் பழுதுபார்ப்பவர்களிடம் இன்னொரு பழைய வித்தை உண்டு: படிகாரம். நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கிற அதே படிகாரம்தான். அதை வெந்நீரில் நன்றாகக் கரைத்தால், அதிலுள்ள அலுமினியம் அயனி தண்ணீரிலிருந்து ஹைட்ரஜன் அயனியைப் பிரித்துவிட்டுக் கரைசலை அமிலமாக்கும், பி.எச். சுமார் 3. இரும்பு அதில் கரைந்து, ஹைட்ரஜன் பொடிப்பொடிக் குமிழியாக மேலே வரும். பித்தளைக்குப் பெரிதாக ஒன்றும் ஆகாது. பித்தளைத் தகட்டில் ஒடிந்த எஃகுத் திருகு இப்படிக் கரைந்தே போய்விடும். அதிவேக எஃகு கரையக் கூடுதல் நேரம் பிடிக்கும், கரைசலை வெதுவெதுப்பாக வைத்துக் காத்திருக்க வேண்டும். கத்திப்பிடியின் முன்முனையில் வைக்கிற பித்தளைத் துண்டில் பிட் ஒடிந்தால் எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல வழி இல்லை, அலகிலிருந்து அதைத் தனியாகக் கழற்றியிருக்கும் வரை.

மரத்தில் மட்டும் இதைச் செய்துவிடாதீர்கள். கரைந்த இரும்பு மரத்திலுள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருளோடு சேர்ந்தால் கருநீலமாகக் கறை பிடிக்கும். கடுக்காயும் அன்னபேதி என்ற இரும்பு உப்பும் சேர்த்து மை காய்ச்சியதும் இதே வேதியியல்தான். ஓக், வால்நட் போல டானின் மிகுந்த மரமென்றால் துளையைச் சுற்றி மை கொட்டியது போலாகிவிடும். ஆக்சாலிக் அமிலம் தடவினால் ஓரளவு வெளுக்கும், ஆழத்தில் இறங்கியது போகாது. எலும்புப் பிடிக்கும் ஆகாது. எலும்பின் கால்சியம் பாஸ்பேட்டும் அமிலத்தில் கரையும்.

பெரிய தொழிற்சாலைகள் இதே தொல்லைக்கு மின் தீப்பொறியால் உலோகத்தை அரிக்கும் எந்திரத்தைக் கொண்டுவந்தன. 1940களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் அலுமினிய வார்ப்புகளுக்குள் ஒடிந்துபோன ட்ரில் பிட்களையும், துளைக்குள் மரை வெட்டும் டேப்களையும் எடுக்கத்தான் ஸ்டார்க், ஹார்டிங், பீவர் என்ற மூவர் அதை உருவாக்கினார்கள். சோவியத் ஒன்றியத்தில் லசரென்கோ தம்பதி ஏறக்குறைய அதே காலத்தில் வேறொரு ஆராய்ச்சி வழியாக அதே இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். ஆனால் எந்திரத்தில் வேலைப்பொருளைத் திரவத்தில் முக்கி வைக்க வேண்டும். அதன் வழியே மின்சாரமும் பாய வேண்டும். மரப்பலகைக்கு இரண்டுமே ஒத்துவராது.

மரத்துக்கு நான் சிபாரிசு செய்வது குழாய்தான். முதலில் பலகையைத் திருப்பிப் பாருங்கள். முனை மறுபுறம் எட்டிப் பார்த்திருந்தால், அடியில் நடுவே இடைவெளி விட்டு முட்டுக் கொடுத்து, 2 மி.மீ. கம்பியால் வந்த வழியே தட்டித் தள்ளலாம். மெதுவாக, கண்ணாடி போட்டுக்கொண்டு. கடினமான எஃகு சில்லாகத் தெறிக்கும். முனை தெரியவில்லையென்றால், பிட் தளர்வாக நுழையும் உள்விட்டமுள்ள மெல்லிய எஃகுக் குழாய் ஒன்றை எடுத்து, அதன் வாயில் அரத்தால் நாலைந்து பல் வெட்ட வேண்டும். பற்கள் இடப்பக்கச் சுழற்சியில் வெட்டும்படி அமைந்தால் இன்னும் நல்லது: மரத்தை அறுக்கும்போதே பிட்டும் கழன்று வரப் பார்க்கும். ட்ரில்லை ரிவர்ஸில் போட்டு, குறைந்த வேகத்தில், அடிக்கடி தூக்கித் தூளை ஊதிவிட்டு இறக்க வேண்டும். நடுவில் மரத்தோடு பிட்டும் ஒரு சின்ன உருளையாக நிற்கும். திருப்புளியால் நெம்பினால் அடியோடு முறிந்து வரும்.

எந்த முகத்திலிருந்து அறுப்பது? தகட்டோடு ஒட்டப்போகிற உள்முகத்திலிருந்துதான். அங்கே 5 மி.மீ. பள்ளம் விழுந்தாலும் வெளியே தெரியாது. வெளிமுகத்தை எட்டுவதற்கு முன்பே நிறுத்திவிட்டால் இன்னும் விசேஷம். அதே மரத்தில் செதுக்கிய முளையை எப்பாக்சி தடவி உள்ளே அடித்து, ஒரு நாள் காயவிட்டு, புது 3 மி.மீ. பிட்டால் மறுபடி துளைக்கலாம். வெளியிலிருந்து பார்த்தால் கம்பியின் தலை மட்டும்தான். குழாய் வெளிமுகம் வரை போய்விட்டதா, சரி, எல்லாத் துளைகளையும் 6 மி.மீ. ஆக்கிக் கொஞ்சம் பருமனான பித்தளைக் கம்பி போட்டுவிடலாம். ஒரு துளையை மட்டும் பெரிதாக்கினால் பார்ப்பவர் கண் அங்கேயே போகும்.