மால் எப்படி வேலை செய்யுது? எல்லாத்துக்கும் தாத்தாவான சவுத்டேல் கதை

அமெரிக்காவுல மினியாப்போலிஸ ஒட்டி ஈடைனானு ஒரு ஊர் இருக்கு. அங்க 1956 அக்டோபர் 8ம் தேதி சவுத்டேல் சென்டர்னு ஒரு மால் திறந்தாங்க. இன்னைக்கு நாம எந்த மாலுக்குள்ள போனாலும் பாக்கற அமைப்பு, அதாவது வெளிய ஜன்னலே இல்லாத மொட்டைச் சுவரு, உள்ள ஏசி, நடுவுல கண்ணாடிக் கூரை போட்ட முற்றம், மேல கீழ போக எஸ்கலேட்டர், சுத்தி கார் பார்க்கிங், இதெல்லாம் ஒண்ணா சேந்து வந்தது அங்கதான்.

வரைஞ்சு கொடுத்தவர் விக்டர் க்ரூயன். 1903ல வியன்னாவுல பொறந்தவர், யூதர், 1938ல நாஜிங்க ஆஸ்திரியாவ பிடிச்சதும் அமெரிக்காவுக்குத் தப்பிச்சு வந்தவர். பணம் போட்டது டேட்டன்ஸ்ங்கற டிபார்ட்மென்ட் ஸ்டோர் குடும்பம், அதாவது துணியில இருந்து வீட்டுச் சாமான் வரைக்கும் பல பிரிவா வச்சு விக்கற பெரிய கடை.

ஏன் கூரை போட்டாங்க? ஈடைனா இருக்கற மினசோட்டா மாநிலத்துல குளிர்காலத்துல மைனஸ் 20 டிகிரி எல்லாம் சாதாரணம், கோடையில 30ஐத் தாண்டும், கடைத்தெருவுல நிம்மதியா நடக்கற மாதிரி நாளு வருஷத்துல கொஞ்சம்தான். அதனால வருஷம் முழுக்க உள்ள 24 டிகிரிக்கு வச்சிருக்கோம்னு சொல்லியே விளம்பரம் பண்ணாங்க. இவ்வளவு பெரிய கட்டடத்த குளுர வைக்க செலவு எக்கச்சக்கமா ஆகும்னு தோணும், ஆனா கடைங்க தனித்தனியா நின்னா ஒவ்வொண்ணுக்கும் நாலு சுவரும் ஒரு கூரையும் வெளிக்காத்துல இருக்கும், எல்லாத்தையும் ஒரே கூரைக்கடியில ஒட்டி வச்சா வெளிக்காத்து படற பரப்பு ரொம்ப கொறஞ்சிடும். அதோட ஹீட் பம்ப் போட்டாங்க. அது சூட்ட புதுசா உண்டாக்கறதில்ல, ஒரு பக்கத்துல இருந்து எடுத்து இன்னொரு பக்கம் தள்ளுது, கோடையில உள்ள இருக்கற சூட்ட வெளிய, குளிர்ல வெளிய இருக்கறத உள்ள. வழி முழுக்க ஒரே வெப்பநிலைனு ஆனதும் கடைங்களுக்கு கதவே தேவையில்லாம போச்சு, முன்பக்கத்த அகலமா திறந்து வச்சாங்க, நடந்து போறவங்க யோசிக்காமலே உள்ள வந்தாங்க.

ஆனா மாலோட உண்மையான இன்ஜின் ஏசி இல்ல, ஆள நடக்க வைக்கற கணக்குதான். டேட்டன்ஸ் தன்னோட போட்டிக் கடையான டொனால்ட்சன்ஸையே கூப்பிட்டு அதே மாலுக்குள்ள இடம் கொடுத்தது. ரெண்டு முனையிலயும் பெரிய கோயில் இருந்தா நடுத்தெரு பூக்கடைக்கு வியாபாரம் எப்படி ஓடுமோ அதேதான், ரெண்டு பெரிய கடைக்கும் நடுவுல போறவங்க சின்னக் கடைங்களத் தாண்டித்தான் போகணும். இந்தப் பெரிய கடைங்கள ஆங்கர்னு சொல்றாங்க. கூட்டத்தக் கொண்டு வர்றது அதுங்கதான், அதனால ஆங்கருக்கு சதுர அடி வாடகை ரொம்ப கம்மி, சில எடத்துல கிட்டத்தட்ட இல்லவே இல்ல, அந்தக் கூட்டத்தால பொழைக்கற செருப்புக்கடையும் நகைக்கடையும்தான் கூடுதலா கொடுக்குது. மாடி விஷயத்துலயும் க்ரூயன் யோசிச்சார். மேல் மாடிக்கு ஆளே போகாதுங்கறது பழைய பிரச்சனை, அதனால பார்க்கிங்கயே ரெண்டு மட்டமா அமைச்சு, பாதிப் பேர் கீழ் தளத்துல நொழையற மாதிரியும் மீதிப் பேர் மேல் தளத்துல நொழையற மாதிரியும் பண்ணார். நம்ம ஊர் மால்கள்ல தியேட்டரையும் ஃபுட் கோர்ட்டையும் உச்சி மாடியில வைக்கறதும் இதே பிரச்சனைக்கு இன்னொரு பதில்தான், மேல போக ஒரு காரணம் கொடுத்துட்டா வழியில இருக்கற எல்லாத் தளமும் பொழைக்கும்.

க்ரூயனுக்கு இதெல்லாம் பாதிக் கனவுதான். மாலச் சுத்தி வீடு, ஸ்கூல், ஆஸ்பத்திரி, பூங்கா, ஏரினு ஒரு முழு ஊரையே வரைஞ்சிருந்தார், கார்லயே அடைஞ்சு கிடக்கற புறநகர் ஜனங்களுக்கு வியன்னா மாதிரி கூடிப் பேச ஒரு எடம் வேணும்ங்கறது அவரோட ஆசை. அதுல பெரும்பகுதி நடக்கல, சுத்தி வந்தது கார் பார்க்கிங்தான். மத்தவங்க காப்பி அடிச்சதும் லாபம் தர்ற பாதிய மட்டும்தான். அதுக்கு அரசாங்கமும் ஒரு காரணம், 1954ல அமெரிக்காவுல வரிச் சட்டத்த மாத்தி, புதுக் கட்டடத்தோட தேய்மானத்த, அதாவது பழசாகப் பழசாக அதோட மதிப்பு கொறையறத, வரி கட்டற வருமானத்துல இருந்து முதல் சில வருஷத்துலயே பெருசா கழிச்சுக்கலாம்னு விட்டாங்க, அதனால கடைக்கு ஆள் வருமோ வராதோ, மால் கட்டறதே வரிய மிச்சம் பண்ற வழியா ஆயிடுச்சு. தேவைக்கு மேல மால்கள் முளைச்சது இப்படித்தான்னு நான் நினைக்கிறேன். க்ரூயன் மனசு நொந்து வியன்னாவுக்கே திரும்பிட்டார், 1978ல லண்டன்ல பேசும்போது இந்த மால்களுக்கும் எனக்கும் சம்பந்தமில்லங்கற அளவுக்கு சொன்னார், 1980ல எறந்தார்.

மால் சாகறதும் அதே கணக்குலதான். ஆங்கர் மூடினா கூட்டம் கொறையும், அது மட்டுமில்ல, பெரிய கடை போயிட்டா வாடகையக் கொறைக்கலாம் இல்ல காலி பண்ணிக்கலாம்னு பல சின்னக் கடைங்களோட ஒப்பந்தத்துலயே எழுதியிருக்கும், அதனால ஒண்ணு விழுந்தா வரிசையா விழும். சவுத்டேலுக்கும் அடி மேல அடி. டேட்டன்ஸ் கம்பெனியே 1962ல டார்கெட்ங்கற மலிவு விலைக் கடைய ஆரம்பிச்சது, டிபார்ட்மென்ட் ஸ்டோருக்கு அந்த மாதிரிக் கடைங்கதான் பின்னாடி பெரிய போட்டி. 1992ல பக்கத்து ஊரான ப்ளூமிங்டன்ல பிரம்மாண்டமான மால் ஆஃப் அமெரிக்கா வந்துச்சு, அப்புறம் ஆன்லைன்.

ஆனாலும் சவுத்டேல் இன்னும் ஓடுது. அங்க இருந்த ஜேசி பென்னிங்கற டிபார்ட்மென்ட் ஸ்டோர் மூடினதும் அந்த எடத்துல பெரிய ஜிம் ஒண்ணக் கொண்டு வந்தாங்க. சோபா வாங்கறவங்க அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவ வருவாங்க, ஜிம்முக்கு வர்றவங்க வாரத்துல மூணு நாலு தடவ வருவாங்க, அதனால ஆங்கர் வேலைய ஜிம் ஒழுங்கா செய்யுது. பார்க்கிங்ல ஒரு பகுதிய எடுத்து அபார்ட்மென்ட்டும் ஹோட்டலும் கட்டியிருக்காங்க, அங்க குடியிருக்கறவங்க கார எடுக்காம நடந்தே மாலுக்கு வர முடியுது.