பெரிய எண் ஏன் தோற்கிறது?

கைத்தொலைபேசியில் கற்பனை உயிரினங்களைப் பிடித்து மோதவிடும் போக்கிமான் கோ விளையாட்டில் ஒவ்வோர் உயிரினத்துக்கும் மேலே ஓர் எண் தெரியும். விளையாடுவோர் அதைச் ‘சிபி’ (CP, அதாவது சண்டை வலிமை) என்பார்கள். 2016 ஆகஸ்ட் 6ஆம் தேதி இந்த விளையாட்டு சிங்கப்பூருக்கு வந்தது. அந்த மாதமே ஹவ்காங் வட்டாரத்தில் புளோக் 401 என்ற அடுக்குமாடிக் கட்டடத்தைச் சுற்றி இரவுபகலாக நூற்றுக்கணக்கானோர் கைத்தொலைபேசியும் கையுமாக நின்றார்கள். அப்போது எல்லோரும் ஒப்பிட்டுப் பார்த்தது அந்த எண்ணைத்தான். இன்றும் பலர் அப்படியே செய்கிறார்கள். ஆனால் அந்த எண், சொல்வதைவிட மறைப்பதே அதிகம்.

அண்மையில் என் அக்கா மகன் கேட்டான்: “மாமா, என் டைரானிட்டாருக்கு 3834. என் நண்பனுடைய மச்சாம்புக்கு 3056தான். நான் எப்படித் தோற்றேன்?”

நல்ல கேள்வி. முதல் பதில், வகை. இந்த உலகில் நெருப்பு, நீர், பாறை, இருள், சண்டை என்று மொத்தம் 18 வகைகள். ஓர் அடி எதிரியின் வகைக்கு ஏற்றதாக இருந்தால் அதன் சேதம் 1.6 மடங்காகும், ஏற்காததாக இருந்தால் 0.625 மடங்காகக் குறையும். டைரானிட்டார் பாறை, இருள் என இரண்டு வகைகளைச் சேர்ந்தது. மச்சாம்போ சண்டை வகை. அந்த இரண்டுமே சண்டை வகையிடம் பலவீனமானவை. ஆகவே 1.6ஐ 1.6ஆல் பெருக்க வேண்டும்: 2.56. தன் சொந்த வகை அடியைக் கொடுப்பதற்காக மச்சாம்புக்கு இன்னொரு 1.2 மடங்கும் உண்டு. மொத்தம் 3.07. டைரானிட்டார் தன் பாறை அடியையோ இருள் அடியையோ திருப்பிக் கொடுத்தால், சண்டை வகை இரண்டையும் தாங்கிக்கொள்ளும்: 0.625ஐ 1.2ஆல் பெருக்கினால் வெறும் 0.75. இரண்டுக்கும் இடையே நான்கு மடங்கு வேறுபாடு. 800 புள்ளி சிபி அதை ஈடுகட்ட வழியே இல்லை.

இரண்டாவது பதில் எனக்கு இதைவிடப் பிடித்தது. அது சிபி உருவாகும் விதத்தில் இருக்கிறது. ஒவ்வோர் உயிரினத்துக்கும் மூன்று அளவுகள்: தாக்குதல், தற்காப்பு, உயிராற்றல். சிபியைக் கணக்கிடும்போது தாக்குதலை அப்படியே எடுத்துக்கொள்கிறார்கள். மற்ற இரண்டின் வர்க்கமூலத்தை மட்டுமே எடுத்துப் பெருக்குகிறார்கள். சண்டையிலோ வர்க்கமூலம் கிடையாது. ஓர் அடியின் சேதம், அடிப்பவரின் தாக்குதலை வாங்குபவரின் தற்காப்பால் வகுத்த விகிதத்தில் அமைகிறது.

எளிய எண்களை வைத்துப் பார்ப்போம். முதலாவதற்குத் தாக்குதல் 200, தற்காப்பு 100, உயிராற்றல் 100. இரண்டாவதற்குத் தாக்குதல் 100, மற்ற இரண்டும் 200. சிபி கணக்கில் முதலாவது, 200 பெருக்கல் 10 பெருக்கல் 10: 20,000. இரண்டாவது, 100ஐ 200இன் வர்க்கமூலத்தால் இருமுறை பெருக்க, அதுவும் 20,000. திரையில் இரண்டும் சமம். இப்போது மோதவிடுங்கள். முதலாவதின் அடி 200/200, அதாவது 1. இரண்டாவதின் அடி 100/100, அதுவும் 1. ஒரே வேகத்தில், ஒரே வலுவுள்ள அடிகளை மாற்றி மாற்றிக் கொடுத்தால் நூறாவது அடியில் முதலாவது விழுந்துவிடும். இரண்டாவதிடம் பாதி உயிர் அப்படியே மிச்சமிருக்கும்.

தாக்குதலுக்குச் சிபி தரும் விலை அதிகம் என்பதே இதன் பொருள். பிளிசி என்ற உயிரினத்தைப் பாருங்கள். 40ஆம் நிலைக்கு (லெவல்) வளர்த்தாலும் அதன் உச்ச சிபி 2757தான். ஆனால் அதை வீழ்த்துவதற்குள் எதிராளி களைத்துவிடுவார்.

இதன் முழுப் பலன் தெரியும் இடம் கிரேட் லீக் என்ற போட்டிப் பிரிவு. அங்கே 1500 சிபிக்கு மேற்பட்டவற்றுக்கு இடமில்லை. விலையுயர்ந்த தாக்குதலைக் குறைத்தால், அதே 1500க்குள் நிலையை இன்னும் உயர்த்தித் தற்காப்பையும் உயிராற்றலையும் கூட்டிக்கொள்ளலாம். பார்க்க அப்பாவியாக இருக்கும் அசுமரில் என்ற உயிரினம் அங்கே பேர்பெற்றது இதனால்தான்.

ஒரே இனத்துக்குள்ளும் இந்தக் கணக்கு உண்டு. பிடித்த உயிரினத்தை மதிப்பிடச் சொன்னால் அந்த மூன்று அளவுகளுக்கும் திரையில் மூன்று பட்டைகள் வரும். ஒவ்வொன்றும் 0 முதல் 15 வரை. பிள்ளைகள் மூன்றும் நிறைந்ததை வைத்துக்கொண்டு, தாக்குதல் பட்டை காலியாக இருப்பதை விளையாட்டில் வரும் பேராசிரியருக்கு அனுப்பிக் கைவிட்டுவிடுகிறார்கள். பொறுங்கள் என்று சொல்லத் தோன்றும். மற்ற இரண்டு பட்டைகளும் நிறைந்திருந்தால், 1500 வரம்புக்குள் பல இனங்களில் அதுவே மேலானது.

சிபிக்கு உச்சவரம்பே இல்லாத மாஸ்டர் லீக் என்ற பிரிவில் மட்டும் நிலைமை வேறு. அங்கே விலை பேச வேண்டியதில்லை. மூன்று பட்டைகளும் 15 ஆக இருப்பதை வெல்ல அதே இனத்தில் வேறொன்று கிடையாது.